மருத்துவமனைப் பணியாளர்களின் பதிவுச் சான்றுகள்: கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவிலியர் ஒருவரின் பணிக்கோப்பைத் திறந்தால் பதிவுச் சான்றிதழின் நகல் இருக்கும். நகல் இருப்பதாலேயே சரிபார்ப்புப் பட்டியலில் குறியிட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறோம். ஆனால் அவர் நகல் எடுத்த நாளில் பதிவு பெற்றிருந்தார் என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்வதில்லை. இன்று இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியேற்கப் போகிறவரின் பதிவு நடப்பில் இருக்கிறதா, அந்தப் பிரிவுக்குரிய பயிற்சி அவருக்கு உண்டா என்பவைதான் மருத்துவமனை கேட்க வேண்டிய கேள்விகள். ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்டுவதற்காக மட்டும் கோப்பு வைத்திருக்கும் இடங்களில் இக்கேள்விகளை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

பணியாளர் கொண்டுவரும் தாளை மட்டும் நம்பிச் சான்றளித்த அமைப்பிடம் சரிபார்க்காமல் விடுவது அவற்றுள் முதன்மையானது. மருத்துவரின் பதிவை மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டிலும், மருந்தாளுநரின் பதிவை மருந்தியல் கவுன்சிலிலும், அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்பு) பயிற்சி அட்டைகளை அவற்றிலுள்ள குறியீட்டைக் கொண்டு இணையத்திலும் பார்க்க முடியும். பார்த்த தேதியையும் பார்த்தவரின் பெயரையும் அப்போதே எழுதி வைக்க வேண்டும். கேரளத்திலோ கர்நாடகத்திலோ பதிவு பெற்ற செவிலியர் இங்கே பணியில் சேர்ந்தால் தமிழ்நாட்டிலும் பதிவு செய்ய வேண்டும் என்பதைச் சில இடங்களில் சேர்க்கும்போதே கவனிப்பதில்லை. நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. படிக்கும்போது தந்தையின் பெயரால் வந்த தலைப்பெழுத்து திருமணத்துக்குப் பின் கணவரின் பெயரால் மாறியிருக்கும். ஆதாரில் அதே எழுத்து முழுப்பெயராக விரிந்திருக்கும். மூன்று ஆவணங்களில் மூன்று பெயர்கள் இருந்தால் புதுப்பிக்க விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் அது தடையாக முளைக்கும். ஆகவே, பணியில் சேரும் நாளிலேயே பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் திருத்தச் சொல்வது அவருக்கும் நல்லது, நிறுவனத்துக்கும் நல்லது.

எல்லாச் சான்றுகளுக்கும் முடிவுத் தேதி என்ற ஒரே கட்டத்தை வைத்து நிரப்புவது அடுத்த தவறு. ஏ.சி.எல்.எஸ். அட்டைக்கு இரண்டு ஆண்டு காலம். அதற்கு ஒரு தேதியை எழுதி வைத்தால் போதும். கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தரும் ஒப்புதல் அந்த நிறுவனத்துக்காகத் தரப்படுவது. அவர் வேலையை விட்டுப் போனால், தேதி மிச்சமிருந்தாலும் அந்த இடம் காலியாகிவிடும். வேறொருவரை நியமித்து ஒப்புதல் பெற வேண்டும். உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, பணியில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கழிவு கையாள்வோருக்குப் பயிற்சி தரச் சொல்கின்றன. இதற்கு எந்தக் கவுன்சிலும் அட்டை அனுப்பாது. பதிவேட்டை மருத்துவமனையே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாததால் இந்தப் பயிற்சி பட்டியலிலேயே ஏறாமல் போவதை அடிக்கடி காண முடிகிறது.

காலாவதிக்கு ஒரு மாதம் முன்பு நினைவூட்டினால் போதும் என்று எண்ணுவதுதான், என் கருத்தில், மிகவும் கேடு செய்யும் தவறு. செவிலியர் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. மருத்துவருக்கு ஐந்தாண்டில் 30 மணி நேரம் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நான்கே முக்கால் ஆண்டு யாரும் கேட்காமல் இருந்துவிட்டுக் கடைசி மூன்று மாதத்தில் 90 மணி நேரம் பாக்கி என்று ஒரு செவிலியரிடம் சொன்னால், இரவுப் பணிக்கும் வீட்டுக்கும் நடுவே அவர் அதை எப்படிச் சேர்ப்பார்? ஆண்டுக்கு 30 மணி என்று பிரித்து, மருத்துவமனையே வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்து, வருகைச் சான்றை அன்றன்றே கோப்பில் சேர்த்துவிட்டால் புதுப்பித்தல் ஒரு நாள் வேலையாகிவிடும். கண்காணிக்க வேண்டியது முடிவுத் தேதியை மட்டுமல்ல, அதை நோக்கிச் சேர்ந்துவரும் மணி நேரங்களையும்தான்.

எக்ஸெல் தாளில் பட்டியல் வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் 03/04/2026 என்று தட்டச்சு செய்ததை ஒரு கணினி ஏப்ரல் 3 என்றும் இன்னொன்று மார்ச் 4 என்றும் படிக்கும். மாதத்தை எழுத்தில் எழுதும் பழக்கம் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். அந்தத் தாள் ஒரே ஒருவரின் கணினியில் மட்டும் இருந்து, அவர் பேறுகால விடுப்பில் போனதும் ஆறு மாதம் யாரும் திறக்காமல் கிடப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. பொறுப்பாளருக்கு மாற்றாள் ஒருவர் இருக்க வேண்டும். செவிலியர் கண்காணிப்பாளருக்கும் அந்தத் தாள் தெரிய வேண்டும்.

சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் கணக்கில் எடுப்பதும் தவறே. வாரம் இருமுறை வந்து போகும் மயக்கவியல் நிபுணர், ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் டயாலிசிஸ் தொழில்நுட்பர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மருந்தகத்தில் நிற்கும் மருந்தாளுநர் ஆகியோரும் நோயாளியைத் தொடுகிறார்கள் அல்லது மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்குபவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்று சொல்லும் 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு விலக்கு தரவில்லை. இவர்கள் அனைவரையும் சேர்த்து, பணிநேர அட்டவணை போடுபவர் பெயரை எழுதும் முன் பார்க்கும்படியாகப் பட்டியலை அவர் மேசையிலேயே வைத்தால், காலாவதியான பதிவு இரவுப் பணிக்குப் போகாது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலையை விட்டுப் போகாமல் தடுப்பதற்காகச் செவிலியரின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. சரிபார்க்க அசலைப் பார்க்க வேண்டும். பார்த்த கையோடு திருப்பித் தந்துவிட வேண்டும். அசல் கையில் இல்லாததால் புதுப்பிக்கப் போக முடியாமல், தன் சான்றிதழைத் தானே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு மனிதவளப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் செவிலியரின் பதிவு தவறிப்போனால், அந்தத் தவறு அவருடையது அல்ல.