சோலாரிஸ்: படம் பார்த்துவிட்டு நாவலைத் திறப்பவர்களுக்கு

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ரஷ்ய இயக்குநர் தர்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ படத்தைத் திரையிட்டோம். முடிந்ததும் ஓர் இளைஞர், என்னிடம் வாங்கிப் போயிருந்த, படத்துக்கு மூலமான போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெமின் நாவலைத் திருப்பித் தந்தார். “கதை இதேதான் ஐயா. நடுவில் ஆராய்ச்சி வரலாறு வரும் இடங்களை மட்டும் தள்ளிவிட்டேன்” என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். படம் மெதுவாகப் போகிறது, புத்தகம் கடினம் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு: படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருபவர்கள் செய்யும் தவறுகள்.

அத்தியாயங்களைத் தள்ளிவிட்டுப் படிப்பது

படத்தை முதலில் பார்த்தவர் கைக்கு நாவல் போனால், கண் தானாக ஹரேயைத் தேடும். சோலாரிஸ் என்ற கோளை மூடியிருக்கும் உயிருள்ள கடலின் மேலே ஓர் ஆய்வு நிலையம்; அங்கே வந்த உளவியலாளன் கெல்வினின் முன் அவனுடைய இறந்துபோன மனைவி ஹரே, அந்தக் கடல் உருவாக்கிய நகலாக வந்து நிற்கிறாள். அதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றும். சோலாரிஸ் ஆய்வாளர்களைப் பற்றிய இரண்டாம் அத்தியாயம், கடலின் விசித்திர உருவங்களை விவரிக்கும் எட்டாம் அத்தியாயம், கோட்பாடுகளை அலசும் பதினொன்றாம் அத்தியாயம் மூன்றும் விரலுக்கடியில் ஓடிவிடும். அவற்றில் கெல்வின் பெரும்பாலும் பழைய ஆய்வு நூல்களோடுதான் இருக்கிறான்.

நான் அப்படிப் படித்துவிட்டு, இது காதல் கதை என்று ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினேன். இறங்கியதும் மூத்த வாசகர் ஒருவர் அருகில் வந்து, “கீசே எப்படி இறந்தார், தம்பி?” என்று மட்டும் கேட்டார். கீசே யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

கீசே, அந்தக் கடல் எழுப்பும் உருவங்களைப் பொறுமையாக வகை பிரித்த, நாவலில் வரும் ஆய்வாளர். எதிரே உள்ள பொருளைப் போலவே தன்னை வார்த்துக்கொள்ளும் மிமாய்டு, சமச்சீரான மாபெரும் கட்டடம் போல எழும் சிமெட்ரியாட் எல்லாம் அவருடைய நூலில் வருகின்றன. ஒரு சிமெட்ரியாட்டை ஆராயப் போன இடத்தில் மாண்ட 106 பேரில் அவரும் ஒருவர். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் பெயர் வைத்தார்கள், அளந்தார்கள், நூலகங்களை நிரப்பினார்கள். கடல் ஒரு சொல்கூடத் திருப்பித் தரவில்லை. நாவலின் தத்துவம் முழுவதும் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

இவற்றைப் படித்தபின் ஹரே வரும் காட்சியே மாறிவிடுகிறது. அவள் உடையில் சிவப்புப் பொத்தான்கள் இருக்கின்றன. ஆனால் அவை வெறும் அலங்காரம். உடையைக் கழற்ற வழியே இல்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மிமாய்டைத் தெரிந்தவருக்கு இங்கே முதுகு சில்லிடும்.

கடைசிப் பக்கமும் அப்படித்தான். பழைய மிமாய்டின் கரையில் கெல்வின் கையை நீட்டுகிறான். அலை எழுந்து கையுறையைச் சூழ்ந்துகொள்கிறது, ஆனால் தொடுவதில்லை. நடுவே மெல்லிய காற்றடுக்கு. சில முறைகளுக்குப் பிறகு கடலுக்கு ஆர்வம் போய்விடுகிறது. அத்தியாயங்களைத் தள்ளியவருக்கு இது அழகான வர்ணனை மட்டும். அத்தனை நூல்களும் தோற்ற இடைவெளி அந்தக் காற்றடுக்குதான் என்பது அவருக்கு எட்டாது. முதல் வாசிப்பில் எனக்கும் எட்டவில்லை. முதல் வாசிப்பு இரண்டாவது தடவை கிடைப்பதில்லை. இன்றுவரை ஆறாத எரிச்சல் இது.

இளைஞரிடம் புத்தகத்தை மறுபடி கொடுத்தனுப்பினேன். எட்டாம் அத்தியாயத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

பூமியை நாவலில் தேடுவது

தர்க்கோவ்ஸ்கியின் 1972 படம் தொடக்கத்தில் நீண்ட நேரம் கெல்வினின் தந்தையின் வீட்டிலேயே நிற்கும்; குளத்தில் நீர்ச்செடிகள் அசையும். 1961இல் வெளிவந்த நாவலில் இது கிடையாது. முதல் பக்கத்திலேயே கெல்வின் சோலாரிஸுக்குக் கிளம்பிவிடுகிறான். படத்தின் முடிவு மறுபடி அந்த வீட்டுக்கே வருகிறது. குற்ற உணர்வும் வீடு திரும்புதலும் தர்க்கோவ்ஸ்கியின் அக்கறைகள். அவர் எடுத்தது சோலாரிஸ் அல்ல, தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ என்று லெம் கோபப்பட்டார். படத்தை நான் நேசிக்கிறேன். கோபமும் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

பெயர்களுக்காகச் சண்டை போடுவது

1970இல் வந்த ஆங்கில நூல் பிரெஞ்சு வழியாகச் செய்யப்பட்டது. அதில் ஹரே ‘ரேயா’ ஆனாள், நிலையத்து ஆய்வாளர் ஸ்நௌட் ‘ஸ்நோ’ ஆனார். ஆட்கள் அவர்களேதான்.

2002 படத்தோடு நிறுத்திக்கொள்வது

கூடாது. ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த அந்த ஹாலிவுட் படத்தில் கடல் வெறும் பின்னணி.