பஸ் பித்துப் பிடித்த பிள்ளைக்கு லீவு திட்டம் போடுவது எப்படி?

மீத்திறன் மாணவர், மெல்லக் கற்பவர் என்று பள்ளிகளில் இரண்டு பட்டியல் போடுவார்கள். என் மகன் இரண்டிலும் இருக்கிறான். நான்காம் வகுப்பு முடித்திருக்கிறான். ஆட்டிசமும், கவனம் ஓரிடத்தில் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத ஏடிஹெச்டியும் உண்டு. சென்னை மாநகரப் பேருந்தில் எந்த எண் எங்கே கிளம்பி எங்கே போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும் பென்சில் உடைந்துவிடும்.

ஏப்ரல் பிறந்ததும் நம் கண் எது வரவில்லையோ அதன் மேல்தான் போகும். கையெழுத்து வகுப்பு, கணக்கு டியூஷன் என்று நானும் இரண்டு வருஷம் ஓடினேன். ஜூனில் கையெழுத்து அப்படியேதான் இருந்தது, பிள்ளை முகம்தான் வாடியிருந்தது. மூன்றாம் வருஷம் பஸ்ஸையே பிடித்துக்கொண்டோம்.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

ஒரு நோட்டு போதும். யாரும் சொல்லாமல் எதைச் செய்கிறான், எதில் உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துபோகிறது என்று எழுதுங்கள். எந்த நேரத்தில், எந்தச் சத்தத்துக்கு அழுகை வருகிறது என்பதையும் எழுதுங்கள். இந்த வாரம் திருத்தம், அறிவுரை எதுவும் வேண்டாம்.

படி 2: பிடித்த விஷயத்துக்குள் எது பிடிக்கிறது?

அவசரப்பட்டு இதைத் தாண்டிவிடாதீர்கள். மற்ற படிகளெல்லாம் இதில்தான் நிற்கின்றன. 'பஸ் பிடிக்கும்' என்பது பாதித் தகவல்தான். ஒரு பிள்ளைக்கு எஞ்சின் சத்தம் பிடிக்கும், இன்னொன்றுக்கு ஜன்னலோரக் காற்று. நான் முதலில் பொம்மை பஸ்கள் வாங்கிக் கொடுத்தேன். வரிசையாக நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டான்.

நோட்டைப் புரட்டினால் விஷயம் அதிலேயே இருந்தது. அவன் பேச்செல்லாம், "29சி பெரம்பூர்ல இருந்து பெசன்ட் நகர் போகும்மா, நடுவுல எங்க இறங்கினா எந்த வண்டி மாறலாம் தெரியுமா?" என்கிற மாதிரிதான். அவனுக்குப் பிடித்தது வண்டி இல்லை, வழிகள் ஒன்றோடொன்று சேரும் விதம். அது தெரிந்ததும் மெட்ரோ ரயிலின் நீலப் பாதையும் பச்சைப் பாதையும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திப்பது, எறும்பு வரிசை, உடம்பில் ரத்தம் ஓடும் பாதை எல்லாமே அவன் பாடமாகிவிட்டன. உங்கள் பிள்ளைக்கு டைனோசர் உயிர் என்றால், பிடிப்பது எலும்பா, பெயர்களை வகை பிரிப்பதா, கதையா என்று பாருங்கள். மூன்றுக்கும் மூன்று வேறு லீவு.

படி 3: பார்க்க ஒன்று, செய்ய ஒன்று, காட்ட ஒன்று

பார்க்க, பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கம் உள்ள ரயில் அருங்காட்சியகம் போனோம். அடுத்து ஊட்டி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர். மேலே ஏறக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை. ஏன் இந்த வித்தியாசம் என்று அவனே குடைந்தான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தில், எஞ்சினின் பல்சக்கரம் கவ்விப் பிடிக்கும் பல்சட்டம் இருப்பதும், 12 அடி போனால் ஓர் அடி ஏறும் அளவு சரிவு இருப்பதும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தன. வேகக் கணக்கை டியூஷன் இல்லாமல் போட்டான்.

செய்ய, எங்கள் பேட்டைக்கு ஒரு கற்பனை மினி பஸ் தடம். நிறுத்தங்கள், தூரம், கால அட்டவணை எல்லாம் அவன் முடிவு. பெயர்ப் பலகைகளை மார்க்கரால் அவனே எழுதினான், நாற்பது பலகை இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. "பாத்தியா, எழுத வருதே!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் மார்க்கர் மூடி திறக்கவில்லை. ரசித்தால் தடத்தை ரசியுங்கள், எழுத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

காட்ட மேடையெல்லாம் வேண்டாம். பொறுமையாகக் கேட்கும் ஒரு தாத்தா போதும்.

படி 4: நாளுக்கு ஒரே ஒரு விஷயம்

கத்திரி வெயிலில் பெரியவர்களுக்கே தலை சுற்றும். எட்டு மணிக்குள் கிளம்பி, பத்தரைக்கு வீடு. எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம், எங்கே கூட்டமாக இருக்கும் என்று முதல் நாளே படம் போட்டுக் காட்டிவிடுங்கள். காதை மூடும் ஹெட்போன், தண்ணீர், பழகிய தின்பண்டம் பையில் இருக்கட்டும். பாதியில் போதும் என்றால் திட்டாமல் திரும்பிவிட வேண்டும். வெளியே போன நாளுக்கு மறுநாள் காலி. அன்று விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாலும் சரி.

படி 5: சம்மர் கேம்புக்குப் பணம் கட்டும் முன்

ரோபோ செய்வார்கள் என்று நம்பி ஒரு கேம்பில் சேர்த்தேன். ஒலிபெருக்கிப் பாட்டும் வண்ணம் தீட்டும் தாளும்தான் இருந்தன. மூன்றாம் நாள் மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். பணமும் திரும்பவில்லை. இப்போது நான் முதலில் கேட்பது: ஒரு நாள் உட்கார வைத்துப் பார்க்கலாமா? அப்புறம், ஒரு குழுவில் எத்தனை பேர், சத்தம் தாங்காவிட்டால் ஒதுங்க இடம் உண்டா, ஒரே வேலையை இரண்டு நாள் தொடர விடுவார்களா. பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம்.

சொந்தக்காரர்கள் ஒரு தனிப் படி. "எப்பப் பாரு பஸ்ஸுன்னே பேசறானே, கண்டக்டர் ஆகப் போறானா?" என்றார் அத்தை. "ஆகட்டுமே அத்தை, உங்களுக்குத்தான் இப்பவே டிக்கெட் இலவசமாச்சே" என்றேன்.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது எழும் நேரத்தைத் தினமும் கால் மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். தட வரைபடத்தை மட்டும் சுவரிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஆகஸ்டில் கூட அதில் நிறுத்தங்கள் கூடிக்கொண்டிருந்தன.