பூஞ்சைக்கு எதிரான மர மருந்தைச் சோதிக்கும் முறை

மருந்து பூசிய கட்டையில் பூஞ்சை படரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. கட்டை எவ்வளவு எடை இழந்தது என்பதே கணக்கு.

வைரம் பாயாத வெளிப்பகுதியிலிருந்து, முடிச்சும் வெடிப்பும் இல்லாத 19 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டைகளை அறுத்துக்கொள்ள வேண்டும். வைரப்பகுதி தன் இயல்பிலேயே பூஞ்சையை ஓரளவு தாங்குமாதலால், அது கலந்தால் மருந்தின் திறன் எது, மரத்தின் திறன் எது என்று பிரித்தறிய முடியாது. மருந்தைப் பல செறிவுகளில் கரைத்து, வெற்றிடக் கலனில் கட்டைகளின் காற்றை வெளியேற்றிய பின் கரைசலை உள்ளே விட்டு, ஊறியதும் மேல் ஈரத்தை ஒற்றி எடுத்து உடனே நிறுக்க வேண்டும். 1 விழுக்காட்டுக் கரைசலை 4 கிராம் உறிஞ்சிய கட்டையில், கன மீட்டருக்குச் சுமார் 5.8 கிலோ மருந்து தங்கியிருக்கும்.

உலர்ந்த கட்டைகளில் ஒரு பகுதியை இரண்டு வாரம் நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து: போரான் சேர்மங்கள் பூஞ்சையை நன்றாகத் தடுத்தாலும் நீரில் எளிதாகக் கரைந்து வெளியேறிவிடும்.

பின்னர் ஒரே வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்து எடையைக் குறித்து, கிருமி நீக்கி, பூஞ்சை வளர்ந்த புட்டிகளில் இட வேண்டும். மரத்தைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும் பழுப்பு அழுகலுக்கு குளியோஃபில்லம் ட்ராபியம், மரத்தை வெளுத்து நாராக்கும் வெள்ளை அழுகலுக்கு ட்ராமிடிஸ் வெர்சிகலர் ஆகிய பூஞ்சைகள் வழக்கமானவை. செம்பு கலந்த மருந்தென்றால், செம்பைத் தாங்கும் ரோடோனியா பிளாசென்டாவையும் சேர்ப்பது அவசியம். மருந்திடாத கட்டைகளும், மருந்திட்டும் பூஞ்சையில்லாப் புட்டியில் வைத்த கட்டைகளும் உடன் இருக்க வேண்டும். பின்னவை, மருந்து ஆவியாவதால் நேரும் எடைக்குறைவைக் காட்டும்.

12 முதல் 16 வாரங்களுக்குப் பின் பூஞ்சை இழைகளை மெல்லத் துடைத்து, முன்பிருந்த அதே நிலையில் உலர்த்தி நிறுக்க வேண்டும். மருந்திடாத கட்டைகள் பெருமளவு எடை இழக்கவில்லையெனில் பூஞ்சைக்கு வீரியமில்லை என்று பொருள். அத்தொகுதியின் முடிவு முழுவதும் செல்லாது. ஐரோப்பியத் தரமுறையான இ.என். 113, சராசரி எடை இழப்பு 3 விழுக்காட்டுக்குக் குறைவாக இருப்பதைப் போதிய பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்கிறது. அதை எட்டும் மிகக் குறைந்த மருந்தளவும் அதற்கு அடுத்த கீழளவும் சேர்ந்ததே அம்மருந்தின் பாதுகாப்பு எல்லை.

மண்ணில் ஊன்றும் மரத்துக்கு இது போதாது. புட்டியில் ஒரே பூஞ்சை. மண்ணிலோ ஈர மரத்தின் மேற்பரப்பை மென்மையாக்கும் மென் அழுகல் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து தாக்கும். ஆகவே, ஆய்வகத்தில் தேறிய அளவுகளை 500 மில்லிமீட்டர் நீள முளைகளில் ஏற்றி, பாதி நீளம் மண்ணில் புதைத்து, ஆண்டுதோறும் பிடுங்கித் தட்டிப் பார்த்துத் தரமிட வேண்டும்.