காலில் அடிபட்ட குதிரைக்குக் கட்டுப் போடுவது எப்படி?

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சவாரிக்கு ஓடி, உழைப்பு முடிந்ததும் தெருவில் விடப்பட்ட மட்டக் குதிரைகள் பெரும்பாலும் முட்டிக்குக் கீழேதான் அடிபடும். முள்கம்பி கிழித்திருக்கும், இல்லையென்றால் வண்டி உரசியிருக்கும். அந்த இடத்தில் தசை இல்லை. தோலை நீக்கினால் நாணும் எலும்பும்தான். ரத்த ஓட்டம் குறைவு என்பதால் பெரிய காயம் ஆற இரண்டு மாதம்கூட ஆகலாம். காப்பகத்தின் நன்கொடைப் பணம் கரைவது இந்த நாட்களின் பஞ்சிலும் துணியிலும்தான்.

முதலில் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கோ பழக்கமான கால்நடை மருத்துவருக்கோ போன் போடுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியைத் தடிமனாக மடித்து 15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். காயம் மூட்டுக்குப் பக்கத்தில் இருந்து, மஞ்சளாக, விரலில் தொட்டால் நூலாக நீளும் திரவம் கசிந்தால் அது மூட்டு நீர். அன்றைக்கே கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கால் போய்விடும். டெட்டனஸ் ஊசி சின்னக் கீறலுக்கும் கட்டாயம். அந்த நோய் குதிரையைப் பிடிப்பதுபோல் வேறு விலங்கைப் பிடிப்பதில்லை.

மருத்துவர் வருவதற்குள் எடையைக் கணக்கிட்டு வையுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்குங்கள். எல்லாம் செ.மீ. விடையை 11,880-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 140, நீளம் 130 என்றால் சுமார் 214 கிலோ. கண்ணளவில் 300 என்று சொன்னால் மருந்து 40 சதவீதம் கூடிவிடும். பட்டினியும் தாகமுமாக வந்த குதிரைக்கு வலி மருந்து கூடினால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் சேதம்.

கழுவ, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. பெரிய சிரிஞ்சில் 18 கேஜ் ஊசி மாட்டி, காயத்தைக் குத்தாமல் தள்ளி நின்று பீய்ச்சுங்கள். போவிடோன் அயோடின் சேர்ப்பதானால் லிட்டருக்கு 10 மில்லி போதும். வெளிர் தேநீர் நிறம் வர வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், மஞ்சள்தூள், கிரீஸ் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் புதிதாக முளைக்கும் சதையைக் கெடுக்கும். புழு இருந்தால் டர்பன்டைன் ஊற்றாமல் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள்.

கட்டு நாலு அடுக்கு. காயத்தின் மேல் ஒட்டாத பாரஃபின் காஸ், அதாவது மெழுகுப் பசை தோய்ந்த வலைத்துணி. அதன் மேல் பஞ்சுச் சுருளை விரல் தடிமனுக்குச் சுருக்கமில்லாமல் சுற்றுங்கள். பிறகு காஸ் பேண்டேஜ், கடைசியில் இழுபடும் கிரேப் பேண்டேஜ். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். முன்பக்க எலும்பின் மேல் இழுத்து இறுக்குங்கள், பின்பக்க நாணின் மேல் இழுக்காதீர்கள். பஞ்சு மெலிந்த இடத்தில் கிரேப் நாணை நெரிக்கும். அந்தப் புண் பழைய காயத்தைவிட மோசமாக இருக்கும். மேல் விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும். நல்ல காலுக்கும் கட்டுப் போடுங்கள், எல்லாப் பாரத்தையும் தாங்குவது அதுதான். அந்தக் குளம்பு சூடாக இருந்தாலோ, அதன் மேலே நாடி படபடவென்று அடித்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் நாலைந்து நாள் தினமும் மாற்றுங்கள், நீர் கசிவது குறைந்ததும் மூன்று நாளைக்கு ஒருமுறை. நனைந்தாலோ நழுவினாலோ அப்போதே. கிரேப்பைத் துவைத்து வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம், காஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இரண்டாம் வாரத்தில் சிவந்த சதை தோல் மட்டத்தைத் தாண்டி மேலே வளரும். தோல் அதன் மேல் ஏறி மூட முடியாது. மருத்துவர் அதை வெட்டிச் சமன் செய்வார்; அதில் நரம்பு இல்லாததால் வலிக்காது, ரத்தம்தான் நிறைய வரும். மயில்துத்தம் வைத்துச் சுடுவது பழைய பழக்கம், தோல் விளிம்பையும் அது சுட்டுவிடும்.

அடைத்து வைத்த குதிரைக்குக் குடல் மந்தமாகும். தானியத்தை நிறுத்தி, எடையில் 2 சதவீதம் காய்ந்த புல், எந்நேரமும் தண்ணீர். எலும்பும் தோலுமாக வந்ததென்றால் குதிரை மசால் (லூசர்ன்) தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். நல்ல மனதோடு ரொட்டியும் வெல்லமும் கொண்டுவருபவர்களிடம் பஞ்சுச் சுருளும், குளம்புக் காயத்துக்கு வேண்டிய பெரிய டயப்பரும் கேளுங்கள்.