‘கேபின் பிரஷர்’ கேட்கப் போகிறீர்களா?

‘கேபின் பிரஷர்’ பிபிசி ரேடியோ 4-இல் 2008 முதல் 2014 வரை வந்த நகைச்சுவைத் தொடர். ஒரே ஒரு விமானம், நாலே நாலு ஆட்கள். அதை ஒரு விமானக் கம்பெனி என்று நடத்துகிறார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் செக்-இன் கவுண்டரில் நின்றவள் நான் என்பதால் எனக்கு இதில் பாதி சிரிப்பு, பாதி வயிற்றெரிச்சல். ஆங்கிலம் வேகமாகப் போகிறதே என்று பத்தாவது நிமிடத்திலேயே விட்டுவிட்டவர்கள் என் நட்பு வட்டத்தில் நிறைய. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குரல்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், கதை தானாக வரும். அவசரப்பட்டுப் பதறும் குரல் கேப்டன் மார்ட்டின். நடித்தவர் பெனடிக்ட் கம்பர்பேட்ச். டிவியில் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸாக நடித்த அவர் முகத்தை மறந்துவிட்டுக் கேளுங்கள், அந்த மிடுக்கு இவரிடம் கிடையாது. தாழ்ந்த, அலட்டிக்கொள்ளாத குரல் டக்ளஸ், நடித்தவர் ரோஜர் அல்லம். அதட்டும் குரல் முதலாளியம்மா காரலின், நடித்தவர் ஸ்டெஃபனி கோல். விவாகரத்தில் கைக்கு வந்த விமானத்தை வைத்துக் கம்பெனி நடத்துகிறவர் காரலின். எதைப் பார்த்தாலும் குதூகலிக்கும் பையன் அவருடைய மகன் ஆர்தர், விமானப் பணியாளர். ஆர்தராக நடித்த ஜான் ஃபின்னமோர்தான் தொடரை எழுதியவரும்.

அப்புறம் ஒரே ஒரு தொழில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கேப்டன் இடது இருக்கையில், தோளில் நாலு பட்டை. வலது இருக்கையில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. இங்கே மார்ட்டின் கேப்டன், டக்ளஸ் அவருக்குக் கீழே. ஆனால் வயதும் அனுபவமும் சாமர்த்தியமும் டக்ளஸ் பக்கம். கேப்டன் கட்டளையிட, கீழே இருப்பவர் மறுக்காமலே அவரைக் கவிழ்க்கிறார். தொடரின் பாதி நகைச்சுவை இந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. பொழுதுபோக்குக்கு இருவரும் ஆடும் வார்த்தை விளையாட்டில் சில பெயர்கள் பிரிட்டிஷ்காரர்களுக்கே உரியவை. நிறுத்தித் தேடாதீர்கள். யார் ஜெயித்தார் என்பது போதும், பெரும்பாலும் டக்ளஸ்தான்.

வேகத்தைக் கூட்டிக் கேட்கிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து இதற்கு வேண்டாம். பார்வையாளர்களை உட்காரவைத்துப் பதிவு செய்த தொடர் இது. டக்ளஸ் ஒரு வாக்கியத்துக்கு முன்னால் விடும் இடைவெளியில்தான் கூட்டம் சிரிக்கத் தயாராகிறது. அதை 1.5 மடங்கில் ஓட்டினால் வெறும் தகவல்தான் மிஞ்சும்.

எதிலிருந்து தொடங்குவது? ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஊர்ப்பெயர், அபுதாபி, பாஸ்டன், கிரெமோனா என்று ஆங்கில அகரவரிசையில். முதல் ஆறும் சுமார் அரைமணி நேரப் பகுதிகள், அவற்றை வரிசையாகவே கேளுங்கள். பாஸ்டனில், விமானத்துக்குள் சிகரெட் பிடித்தே தீருவேன் என்று ஒரு பயணி அடம்பிடிக்கிறார். எனக்கு அவரை நன்றாகத் தெரியும்! எடை கூடிவிட்டது என்று சொன்னதும் கவுண்டர் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, சட்டை மேல் சட்டையாக மூன்று போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் சார்ஜரைத் திணித்தபடி ‘இப்போ எடை போடும்மா’ என்று நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் சிரிக்கக் கூடாது, கோபப்படவும் கூடாது. காரலினுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. பயணிகளிடம் அவர் பேசும்போது எனக்குக் குளுகுளுவென்று இருக்கும்.

ஆறு முடிந்தபின் பிடித்த ஊருக்குத் தாவலாம். பாரிஸுக்குப் போகுமுன் அந்த ஆறில் ஒன்றான எடின்பரோவை மட்டும் நினைவில் வையுங்கள். ரக்பி பார்க்கப் பறக்கும் பணக்காரப் பயணி பர்லிங்கை அங்கேதான் முதலில் சந்திக்கிறோம். அவருக்காக ஏற்றும் விலையுயர்ந்த விஸ்கியைத் திருடுவது டக்ளஸின் வழக்கம். பாரிஸில் 25 ஆண்டுப் பழைய டாலிஸ்கர் பாட்டில் ஒன்று. பறக்கும் விமானத்திலிருந்து யாரும் இறங்க முடியாது, ஆனாலும் விஸ்கி காணாமல் போகிறது. துப்பறிகிறார் மார்ட்டின். டிவியாக இருந்தால் கேமரா எங்கேயாவது காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே அவருக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். இதை ஹெட்போனில், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள்.

ஒலிப்புத்தகமாக விலைக்குக் கிடைக்கிறது. கடைசி ஊரான ஜூரிக் இரண்டு பாகம், 2014 டிசம்பர் 23, 24-இல் ஒலிபரப்பானது. அதற்கு முந்தைய பகுதியான இவர்டன்-லெ-பான் முடிந்த கையோடு அதைக் கேளுங்கள். நடுவில் இணையத்தில் எதையும் தேட வேண்டாம், முடிவை யாராவது உடைத்துவிடுவார்கள்.