வால்வு கவர் கார் ரேஸ்: முதல் தடவை கட்டறவங்க பண்ற தப்புங்க

என்ஜின் தலைமேல மூடி மாதிரி உக்காந்திருக்குமே, நம்ம ஊர் பட்டறைல டேப்பட் கவர்னு சொல்வாங்க, அதுக்கு நாலு சக்கரம் மாட்டி சரிவுப் பலகைல உருட்டி விடறதுதான் வால்வு கவர் ரேஸ். இங்க அமெரிக்காவுல பழைய கார் வச்சிருக்கவங்க கூடற சில இடங்கள்ல நடக்கும், பிளைவுட்ல ரெண்டு லேன், மேல ஒரு கேட், கேட் விழுந்தா ரெண்டு காரும் ஒண்ணா கிளம்பும், மோட்டார் கிடையாது, தள்ளவும் கூடாது.

அப்போ காருக்கு கையிருப்பு என்னன்னா அந்தப் பலகையோட உயரம் மட்டும்தான். மேல்முனை மூணடி உயரம்னு வச்சுக்கோங்க, உராய்வே இல்லன்னாலும் கீழ வரும்போது மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர், அதுக்கு மேல ஒரு துளி கூட யாராலயும் சேர்க்க முடியாது, வழியில எவ்வளவு சிந்தாம கொண்டு வர்றீங்கங்கறதுதான் போட்டியே. இது மனசுல பதிஞ்சிட்டா கீழ சொல்ற தப்பெல்லாம் தானா புரியும்.

நிறைய பேர் கவர் தேடறதுலயும் பெயிண்ட்லயும் ஒரு மாசத்த செலவு பண்ணிட்டு ஆக்ஸில், அதாவது சக்கரம் மாட்டற தண்டு, அதுக்கான ஓட்டைய கடைசி நாள் ராத்திரி கண்ணளவுல போடுவாங்க, இதுதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு. கணக்கு போட்டு பாருங்க, முன் ஆக்ஸில் 25 சென்டிமீட்டர் அகலத்துல வெறும் 1 மில்லிமீட்டர் கோணலா இருந்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 40 சென்டிமீட்டர் இருந்தா, 10 மீட்டர் ஓடறதுக்குள்ள கார் அரை மீட்டர் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும். லேன்ல அவ்வளவு இடம் ஏது, அதனால பக்கத்துக் கட்டைல உரசிக்கிட்டே இறங்கும், ஒவ்வொரு உரசலும் வேகத்த தின்னும். முதல்ல மூலைமட்டம் வச்சு கோடு போடுங்க, சின்ன பிட்ல ஒரு ஓட்டை, அப்புறம்தான் பெரிய பிட். மெல்லிசு தகடு கவர்னா ஆக்ஸில நேரா தகட்டுல மாட்டவே மாட்டாதீங்க, ரெண்டு ஓட்டத்துல ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துடும், உள்ள ஒரு கெட்டியான மரக்கட்டைய போல்ட் பண்ணி அதுல மாட்டுங்க. முடிச்சதும் வழுவழுப்பான தரைல சாக்பீஸ் கோடு கிழிச்சு மெதுவா உருட்டிப் பாருங்க, கோட்ட விட்டு எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்து வாஷர் வச்சோ ஆக்ஸில் மாட்டின கட்டைய நகத்தியோ சரி பண்ணுங்க, எனக்கு இதுக்கு மட்டும் ஒரு முழு சாயங்காலம் ஆகும், அந்த நேரம் வீண் போனதே இல்ல.

ஸ்கேட்போர்டுல இருந்து ஆக்ஸிலோட மொத்த செட்டையும் கழட்டி அப்படியே போடற ஐடியா எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. அந்த செட்ல ரப்பர் இருக்கு, பலகை ஒரு பக்கம் சாஞ்சா சக்கரம் அந்தப் பக்கம் திரும்பணும்னுதான் அத செஞ்சதே. என் முதல் கார்ல உள்ள வச்ச வெயிட் ஒரு பக்கம் கொஞ்சம் கூட, பலகைல பாதி இறங்கறதுக்குள்ள வளைஞ்சு நடுக்கட்டைல ஏறி கவுந்துடுச்சு, என் பொண்ணு தேச்சு தேச்சு பாலிஷ் போட்ட கவர்ல நீளமா ஒரு கீறல். சக்கரத்த மட்டும் எடுத்துக்கோங்க, அந்த செட் வேண்டாம்.

சக்கரம்னா பேரிங். ஸ்கேட் சக்கரத்துல வர்றது 608ன்னு ஒரு சைஸ், உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, 5/16 இஞ்ச் போல்ட் அதுல கிட்டத்தட்ட அளவெடுத்த மாதிரி உக்காரும். ஆனா முழுக்க மரை போட்ட ராட வாங்கிடாதீங்க, மரை மேல பேரிங் உக்காந்தா ஆடும், பேரிங் உக்கார்ற இடம் வழவழன்னு இருக்கற போல்ட்தான் வேணும். ரெண்டு பேரிங்குக்கு நடுவுல ஸ்பேசர்ங்கற சின்ன குழாய் இல்லாம நட்ட இறுக்கினா பக்கவாட்டுல அழுத்தி சக்கரமே பிடிச்சுக்கும். புது பேரிங்ல கெட்டி கிரீஸ் இருந்தா கழுவி எடுத்துட்டு லேசான எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டா போதும். புல்வெட்டி மெஷின் சக்கரம் மாதிரி பெரிசா கனமா போட்டா உங்க கையிருப்புல ஒரு பங்கு அத சுத்த வைக்கறதுக்கே போயிடும்.

வெயிட் கூட்டினா வேகமா விழும்னு நினைக்கறவங்க இன்னும் இருக்காங்க. கனமானது தனியா வேகமா விழாது, காத்தும் பேரிங்கும் இழுத்துப் பிடிக்கறத அது ஈஸியா தாங்கும், அதுக்காகத்தான் விதி அனுமதிக்கற அளவு வெயிட் போடறது. எங்க வைக்கறோம்ங்கறதுதான் முக்கியம். 1953ல கலிபோர்னியாவுல டான் மர்ஃபி சாரணர் பசங்களுக்காக ஆரம்பிச்ச பைன்வுட் டெர்பிங்கற மரக்கார் ரேஸ்லயும் இதே சூட்சுமம்தான், வெயிட் பின்னாடி இருந்தா கேட்ல நிக்கும்போது அது கொஞ்சம் கூடுதல் உயரத்துல இருக்கும், இறங்கற தூரமும் கூடும். அதுக்குன்னு ஒரேயடியா பின்னாடி தள்ளினா முன்சக்கரம் லேசாகி அலைய ஆரம்பிக்கும், நான் பின் ஆக்ஸிலுக்கு நாலு விரல் முன்னாடி வைக்கறேன். ஈயத்த உருக்கி கவருக்குள்ள ஊத்தற வேலை தயவுசெஞ்சு வீட்ல வேண்டாம், புகை விஷம், கவர்ல ஈரம் இருந்தா கொதிக்கற ஈயம் முகத்துல தெறிக்கும். இரும்புப் பட்டைய வெட்டி போல்ட் பண்ணுங்க, டேப்ப நம்பாதீங்க, முதல் குலுக்கல்லயே நழுவிடும்.

கவர கழுவறப்போ உள்பக்கம் ஒரு தடுப்புத் தகடு இருக்கும், அதுக்குப் பின்னாடி வருஷக்கணக்கான எண்ணெய்க் கசடு ஒளிஞ்சிருக்கும். மேலாப்ல துடைச்சிட்டு விட்டா ரேஸ் அன்னிக்கு வெயில்ல இளகி சொட்டி சக்கரத்துலயும் லேன்லயும் விழும், அடுத்து ஓடறவங்களுக்கும் கெடுதல். கழட்ட முடிஞ்சா கழட்டிட்டே கழுவுங்க. இன்னொண்ணு, சில கவர் மெக்னீசியத்துல வார்த்தது, துளை போடறப்போ வர்ற தூள் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாது, பக்கத்துல ஒரு வாளி உலர்ந்த மணல் வச்சுக்கோங்க.

விதிய முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க, நீளம், அகலம், வெயிட் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். வி8 என்ஜின்னா, அதாவது நாலு நாலு சிலிண்டரா ரெண்டு வரிசை இருக்கறது, ரெண்டு கவர் கிடைக்கும், அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு ஒண்ணு. கவரோட மூக்கு முன்சக்கரத்த தாண்டி ரொம்ப நீட்டிட்டு இருந்தா சரிவு முடிஞ்சு தரை ஆரம்பிக்கற இடத்துல முட்டி நிக்கும், சக்கரத்த முடிஞ்ச வரைக்கும் முனைக்கு தள்ளுங்க.

கடைசில கார் எங்க நிக்கும்னு யோசிச்சு வைங்க. நாலஞ்சு கிலோ உலோகம் அந்த வேகத்துல வர்றத பசங்க கால நீட்டி நிறுத்தப் பாப்பாங்க, கணுக்கால் எலும்பு தாங்காது. பழைய மெத்தையோ வைக்கோல் கட்டோ குறுக்க போட்டு, அதுக்கு அந்தப் பக்கமா மட்டும் பசங்கள நிக்க வைங்க.