"ஆக்டிவேட் விண்டோஸ்" எழுத்து போகணுமா? கீ வாங்கும் முன் மதர்போர்டைப் பாருங்கள்

திரையின் வலது கீழ்மூலையில் மங்கலாக "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று இரண்டு வரி. எதைத் திறந்தாலும் அதன் மேலே வந்து நிற்கும். வால்பேப்பர் மாற்றப் போனால் செட்டிங்ஸில் அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும். மற்றபடி மெஷின் ஓடும். யாங்கோனில் கைமாறும் பழைய லேப்டாப்களில் இது சர்வசாதாரணம். ரிப்பேர் கடைக்குப் போனால் கிராக் (ஆக்டிவேட் ஆனதாக ஏமாற்றும் திருட்டுப் புரோகிராம்) போட்டுத் தருகிறேன் என்பார்கள், இல்லை கீ (விண்டோஸ் லைசென்சின் 25 எழுத்துக் குறியீடு) விற்பார்கள். பல நேரம் இரண்டுமே வேண்டாம். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்ட் லேப்டாப்களில் கீயை மதர்போர்டுக்குள்ளேயே எழுதி அனுப்புகிறார்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் இல்லாததற்கு அதுதான் காரணம். அந்த லைசென்சுக்கு முதலில் வாங்கியவர் காசு கட்டிவிட்டார். அது லேப்டாப்போடு சேர்ந்தது.

இங்கே உள்ளது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 7இல் கறுப்புத் திரையோடு "இது அசல் அல்ல" என்று வருவது வேறு கதை. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியே முடிந்துவிட்டது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

முதலில் கடிகாரம்

சிரிக்காதீர்கள். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த லேப்டாப்பிலும், கரண்டு போய்ப் போய் வரும் வீட்டு டெஸ்க்டாப்பிலும் மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும். கரண்டு போன ஒவ்வொரு தடவையும் தேதி சில வருடம் பின்னால் ஓடிவிடும். தேதி தப்பாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் "இன்னும் பிறக்கவே இல்லை" என்று மெஷின் நினைத்துக்கொண்டு இணைப்பையே மறுக்கும். 80072எஃப்8எஃப் என்று எரர் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

டைம் அண்ட் லாங்குவேஜ் பக்கத்தில் நேர மண்டலத்தை யாங்கோனுக்கு மாற்றுங்கள். பட்டியலில் 6:30 என்று தேடினால் கிடைக்கும், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ரங்கூன் என்றும் போட்டிருப்பான். பாங்காக்கிலிருந்து வந்த மெஷினில் மண்டலத்தை 7:00இலேயே விட்டுவிட்டு மணியை மட்டும் கையால் அரைமணி தள்ளி வைக்கிறார்கள், அது தப்பு. மண்டலத்தைச் சரிசெய்துவிட்டு "சிங்க் நௌ" அழுத்துங்கள். அணைத்து எழுப்பினதும் தேதி மறுபடி ஓடிப்போனால் பேட்டரியை மாற்றுங்கள். டெஸ்க்டாப்புக்கு சிஆர்2032, 3 வோல்ட். லேப்டாப்பில் பெரும்பாலும் அதே வில்லை, ஆனால் ஒயர் வைத்துச் சுற்றியது. பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

எரர் எண்ணைப் படியுங்கள்

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். விண்டோஸ் 10இல் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கிறது. அங்கே ஓர் எண் இருக்கும். எல்லா எண்ணும் 0எக்ஸ் என்றுதான் தொடங்கும், அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சி004எஃப்213 என்றால் மெஷினில் இந்தப் பதிப்புக்கான கீ இல்லை. சி004எஃப்211 என்றால் உள்ளே உறுப்பு மாறியிருக்கிறது, பெரும்பாலும் மதர்போர்டு. சி004எஃப்074 அல்லது 8007232பி என்றால் மெஷின் ஏதோ ஒரு கம்பெனி சர்வரைத் தேடுகிறது. சி004சி008 என்றால் அந்தக் கீயை அளவுக்கு மேல் பல மெஷினில் போட்டுவிட்டார்கள். மலிவாகக் கீ வாங்கியவர்களுக்கு வருவது இது. சி004சி003 என்றால் கீயைத் தடை செய்துவிட்டார்கள். கடைசி இரண்டுக்கும் வைத்தியம் கிடையாது, விற்றவனிடம் காசைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

பலர் இடறும் இடம்: ஹோமா, ப்ரோவா?

ஹோம், ப்ரோ இரண்டும் விண்டோஸின் தனித்தனிப் பதிப்புகள். மதர்போர்டில் ஹோம் பதிப்பின் கீ இருக்கும், கடைக்காரர் தன்னிடமிருந்த யுஎஸ்பியிலிருந்து ப்ரோ ஏற்றியிருப்பார். ஹோம் கீ ப்ரோவைத் திறக்காது. விண்டோஸும் அதைத் தெளிவாகச் சொல்லாது, கீ இல்லை என்று மட்டும் சொல்லும். சி004எஃப்213 எண்ணோடு வரும் லேப்டாப் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்க இரண்டு கருவி. முதலாவது ஷோகீபிளஸ். இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே இருக்கிறது. கீ கண்டுபிடித்துத் தரும் மென்பொருள் என்று நெட்டில் கிடைக்கும் மற்றவற்றைத் தொடாதீர்கள், பாதிக்கு மேல் விளம்பரக் குப்பை. ஷோகீபிளஸில் இப்போது ஏற்றியிருக்கும் பதிப்பு ஒரு வரியில் வரும். கீழே "ஓஇஎம் கீ", "ஓஇஎம் எடிஷன்" என்று இரண்டு வரி, அதாவது தயாரித்த கம்பெனி மதர்போர்டில் எழுதி வைத்த கீயும் அதன் பதிப்பும். அந்த 25 எழுத்தையும் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஓஇஎம் வரி காலியாக இருந்தால் மதர்போர்டில் கீ இல்லை. கையால் கோர்த்த டெஸ்க்டாப்பில் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது, விண்டோஸோடு வரும் கட்டளை. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஆங்கில எழுத்தில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர், ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, கோட்டை ஒட்டியே டி-எல்-ஐ (dli) என்று அடித்து என்டர். இடைவெளி இல்லாமல் அடித்தால் ஓடாது. சில நொடியில் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் கீயின் கடைசி ஐந்து எழுத்து இருக்கும்:

3வி66டி (3V66T): ப்ரோவின் பொதுக் கீ
8எச்விஎக்ஸ்7: ஹோமின் பொதுக் கீ
டி83ஜிஎக்ஸ் (T83GX): கம்பெனி சர்வரை நம்பி ஓடும் ப்ரோ

முதல் இரண்டும் பதிப்பை ஏற்ற மட்டும் உதவும், தனியாக லைசென்ஸ் தராது. இவற்றைக் காசுக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

இனிச் செய்ய வேண்டியது

மெஷினில் ஏற்றியிருப்பதும் மதர்போர்டுக் கீயும் ஒரே பதிப்பு என்றால் வேலை சுலபம். ஆக்டிவேஷன் பக்கத்தில் "சேஞ்ச் ப்ராடக்ட் கீ" தட்டி, எழுதி வைத்த கீயை அடியுங்கள். விபிஎன் ஓடினால் அந்த நேரத்துக்கு நிறுத்திவிடுங்கள், ஃபோன் ஹாட்ஸ்பாட் போதும். 8க்கும் பி எழுத்துக்கும் குழம்பினால் ஷோகீபிளஸிலிருந்தே காப்பி பண்ணி ஒட்டுங்கள்.

மெஷினில் ஹோம், மதர்போர்டில் ப்ரோ கீ என்றாலும் அதே பக்கம்தான். ப்ரோ கீயை அடித்தால் விண்டோஸ் தானே மேலே ஏறிக்கொள்ளும், ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

மெஷினில் ப்ரோ, மதர்போர்டில் ஹோம் என்றால்தான் பாடு. ப்ரோவிலிருந்து ஹோமுக்குக் கீயை மாற்றி இறங்க முடியாது, புதிதாக ஏற்ற வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) பதிப்பின் பெயரை மாற்றி ஏமாற்றும் வித்தை ஒன்று யூடியூபில் சுற்றுகிறது. அடுத்த பெரிய அப்டேட்டில் அது கழுத்தறுக்கலாம், வேண்டாம்.

படங்கள், கணக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு 8 ஜிபி யுஎஸ்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸை இறக்கி யுஎஸ்பியில் ஏற்றித் தரும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் நல்லதுதான், ஆனால் நம் ஊர்க் கரண்டுக்கு அது சரிப்படாது. இறங்கும்போது கரண்டு போனால் முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். மைக்ரோசாஃப்ட் பக்கத்திலேயே ஐஎஸ்ஓ ஃபைலாக (முழு விண்டோஸும் அடங்கிய ஒரே ஃபைல்) வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜரில் இறக்குங்கள். 5 ஜிபிக்கு மேல் இருக்கும். அந்த லிங்க் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், அதனால் கரண்டு வரும் நேரம் பார்த்து லிங்க் எடுங்கள். இறங்கியதை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு யுஎஸ்பியில் ஏற்றலாம். அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

யுஎஸ்பியிலிருந்து எழுப்பினால் இன்ஸ்டாலர் மதர்போர்டின் கீயைத் தானே படித்து, எந்தப் பதிப்பு என்று கேட்காமலே ஹோமை ஏற்றிக்கொண்டு போகும். கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்பதைத் தட்டி ஹோமைத் தேர்ந்தெடுங்கள். பழைய பழக்கத்தில் இங்கே ப்ரோவைத் தட்டிவிட்டால் மறுபடி ஆரம்பப் புள்ளிதான். ஏற்றும்போது லேப்டாப் பேட்டரி நிறைந்திருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். முடிந்து இன்டர்நெட் கிடைத்ததும் எழுத்து தானே மறையும்.

மதர்போர்டு மாற்றியிருந்தால்

ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட், அதில் "இந்த மெஷினில் சமீபத்தில் உறுப்பு மாற்றினேன்" என்ற வரி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பழைய மெஷினின் பெயரைத் தட்டலாம். மாற்றுவதற்கு முன்பே லைசென்ஸ் அந்தக் கணக்கோடு இணைந்திருந்தால்தான் இது நடக்கும், அதிலும் லேப்டாப்போடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டிப்போட்டது. தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ்தான் புதுப் போர்டுக்கு நகரும். இன்னொரு லேப்டாப்பிலிருந்து கழற்றிய போர்டைப் போட்டிருந்தால் ஷோகீபிளஸை மறுபடி ஓட்டுங்கள், அந்தப் போர்டோடு அதன் கீயும் வந்திருக்கலாம்.

ஆபீஸ் லேப்டாப்பும் கிராக்கும்

மேலே சொன்ன கட்டளையின் சின்னப் பெட்டியில் டி83ஜிஎக்ஸ் வந்தால் இரண்டில் ஒன்று. வெளிநாட்டு ஆபீஸில் ஓடி ஏலத்தில் வந்த மெஷின், இல்லை யாரோ கிராக் போட்டது. இரண்டும் ஒரே முறையில் ஓடுபவை: ஒரு சர்வர் 180 நாளுக்கு லைசென்ஸ் தரும், மெஷின் அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும். ஆபீஸ் நெட்வொர்க்கை விட்டு வந்ததும் புதுப்பிக்க வழியில்லை. அதனால்தான் வாங்கும்போது நன்றாக இருந்தது ஐந்தாறு மாதத்தில் கேட்க ஆரம்பிக்கிறது. கிராக் என்பது அந்த சர்வரைப் போலப் பொய்யாக நடிக்கும் புரோகிராம்.

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து அதே எஸ்-எல்-எம்-ஜி-ஆர், இடைவெளி, கோடு, சி-கே-எம்-எஸ் அடித்தால் பழைய சர்வர் முகவரி போகும். பிறகு மதர்போர்டுக் கீயை மேலே சொன்னபடி அடியுங்கள். எண்டர்பிரைஸ் (பெரிய கம்பெனிகளுக்கான) பதிப்பு என்றால் நேரே புதிதாக ஏற்றுவதே மேல்.

கிராக் இருந்த மெஷினில் இன்னொன்று. விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் (ஸ்கேன் பண்ணாமல் விட வேண்டியவை) பட்டியலைத் திறந்து பாருங்கள். கிராக் போட்டவர் தன் ஃபோல்டரை, சில நேரம் சி டிரைவையே, அதில் சேர்த்து வைத்திருப்பார். வைரஸ் ஸ்கேன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள்.

பிறகு சேர்த்தது: பழைய விண்டோஸ் 7 ஸ்டிக்கரின் கீ 10இல் வேலை செய்யுமா என்று பலரும் கேட்கிறார்கள். முன்பு செய்தது. அந்த வழியை அடைத்துவிட்டதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் அதற்கு முன்பே அந்த மெஷின் ஒருமுறை 10இல் ஆக்டிவேட் ஆகியிருந்தால் லைசென்ஸ் சர்வரில் பதிவாகியிருக்கும். அதே பதிப்பை ஏற்றி, கீ கேட்கும் இடத்தைத் தாண்டிப் போய் இன்டர்நெட்டில் விட்டுப் பாருங்கள்.